மதுரையில் வேதம் படிக்கும் மகளுக்கு

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அம்மா ஒரு தடவை வாசித்துவிட்டு அழுதாள். நான் மூன்று தடவை வாசித்தேன். போனில் பேசிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ இவ்வளவு யோசித்து எழுதியதற்கு நாலு வார்த்தையில் பதில் சொன்னால் சரியாக இருக்காது.

மோசே எழுதியதாக நாம் சொல்லிவந்த, வேதத்தின் முதல் ஐந்து ஆகமங்களும் பல காலத்தில் பலர் கைபட்டு உருவானவை என்று வகுப்பில் நடத்தியதிலிருந்து உன்னால் ஜெபிக்க முடியவில்லை என்கிறாய். படிப்பை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்கிறாய். அப்பா சொல்கிறேன், வர வேண்டாம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஓய்வுநாள் பள்ளியில், அந்த ஐந்தில் கடைசியான உபாகமத்தின் கடைசி அதிகாரம் வாசித்தோம். மோசே மரித்தது, அடக்கம்பண்ணப்பட்டது எல்லாம் அதில் இருக்கிறது. அவருடைய பிரேதக்குழியை 'இந்நாள்வரைக்கும்' ஒருவரும் அறியார் என்றும் இருக்கிறது. தன் சாவை மோசே எப்படி எழுதினார், இந்நாள் என்றால் எந்த நாள் என்று கேட்டேன். வாத்தியார் தலையில் ஒரு குட்டு வைத்தார். அன்றைக்கு அடங்கிப்போன கேள்வி அது. ஐம்பது வருஷம் கழித்து என் மகள் அதே கேள்வியைக் கல்லூரியில் உட்கார்ந்து கேட்கிறாள், யாரும் குட்டவில்லை. அதற்காக நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் லீவில் நீ அடுப்படியில் உட்கார்ந்து எபிரெயுப் பாடம் படித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? 23ஆம் சங்கீதத்தைக் காட்டி, "அப்பா, முதல் மூணு வசனத்துல 'அவர், அவர்'னு கர்த்தரைப் பத்தி நம்மகிட்ட சொல்லிட்டு வாராரு. மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் 'தேவரீர்'னு அவர்கிட்டயே பேச ஆரம்பிச்சிடுதாரு, பாத்தியளா?" என்றாய். எபிரெயத்தில் மட்டுமா, நம்முடைய பழைய மொழிபெயர்ப்பிலும் அப்படியேதான் இருக்கிறது. 38 வருஷம் குருவானவருக்குத் துணையாக உபதேசியார் வேலை பார்த்தேன். எத்தனை அடக்க ஆராதனையில் அந்தச் சங்கீதத்தைச் சொல்லியிருப்பேன்! என் கண்ணில் படவே இல்லை.

தை மாதம் மேலத்தெருவில் ஒரு பாட்டி பத்து நாள் படுக்கையில் கிடந்து மரித்தார்கள். கடைசி ராத்திரி நான் போயிருந்தேன். பேச்சு நின்றுவிட்டது. நான் சங்கீதம் சொல்லச் சொல்ல உதடு மட்டும் கூடவே அசைந்தது. 'தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்' என்ற இடத்தில் நிறுத்தி, அதை மட்டும் மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை, என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவர்கள் விரல் இறுகியது. நீ சொல்லாமல் இருந்திருந்தால் வழக்கம்போல ஒரே மூச்சில் முடித்துவிட்டு வந்திருப்பேன். உன் எபிரெயுப் பாடம் அந்தக் கட்டில் வரைக்கும் வந்தது, மகளே.

அப்புறம் ஜெப விஷயம். 'அவர் இருக்கிறாரா, அவர் கேட்கிறாரா, இத்தனை வருஷம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்' என்று எனக்கு எழுதியிருக்கிறாய். அதே வரிகளை, 'அவர்' வரும் இடத்திலெல்லாம் 'நீர்' போட்டு, ஒருநாள் ராத்திரி தனியாக உட்கார்ந்து சத்தமாக வாசித்துப் பார். கோபமாக வாசித்தாலும் பரவாயில்லை. எல்லாம் இழந்த யோபுவும் தேவனிடம் அப்படித்தான் பேசினார்.

எனக்குக் கிடைத்தது சில மாத உபதேசியார் பயிற்சிதான். உனக்கு டிகிரி முடித்த பிறகு நாலு வருஷ இறையியல் படிப்பு, பி.டி. அந்த வாய்ப்பு லேசில் வந்ததில்லை. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706இல். புராட்டஸ்டண்ட் சபையில் முதன்முதலாகத் தமிழர் ஒருவருக்கு, ஆரோனுக்கு, குருப்பட்டம் கிடைத்தது 1733இல். நம் தென்னிந்தியத் திருச்சபையில், அதாவது சி.எஸ்.ஐ.யில், ஒரு பெண்ணுக்கு அந்தப் பட்டம் கிடைக்க 1976 ஆயிற்று. 2013இல் ஆந்திராவில் நந்தியாலில் ஒரு பெண் பேராயராகவே வந்தார். நீ இருக்கிற அரசரடிக் கல்லூரிகூட, இறையியலைத் தமிழிலேயே படிக்க வேண்டும் என்று, நம் திருமறையூர்க் கல்லூரியும் லுத்தரன் சபையாரும் சேர்ந்து 1969இல் உண்டாக்கியது. குருவானவரை நாம் ஐயர் என்போமே, இங்கே சிலர், பெண் பட்டம் வாங்கி வந்தால் ஐயர் என்பதா, ஐயரம்மா என்பதா என்று கேட்கிறார்கள். ஐயரம்மா என்றால் நம் ஊரில் ஐயருடைய மனைவி. உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று சபை யோசிக்கட்டும், நீ படி.

ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், படித்து முடித்து வந்த ஒரு தம்பி இங்கே பிரசங்கத்தில் ஒரு வசனத்தைக் காட்டி, இது பிற்காலத்தில் சேர்த்தது என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். ஆராதனை முடிந்ததும் ஒரு பீடி சுற்றுகிற அம்மா என்னிடம் வந்து, "அப்ப அந்த வசனத்தைச் சொல்லி ஜெபிக்கக் கூடாதா, உபதேசியாரே? எம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா அதத்தான சொல்லுவேன்" என்று கேட்டார்கள். தாராளமாகச் சொல்லுங்கள் என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அந்தத் தம்பி கற்றதை மறைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மீதியையும் சொல்லியிருக்க வேண்டும். அந்த மீதியைத்தான் நீ படித்துக்கொண்டு வர வேண்டும்.

உங்கள் கல்லூரியில் மாணவர்களை வெளியே ஏழை ஜனங்கள் நடுவில் குடியிருக்க அனுப்புவார்கள் என்று சொன்னாயே, உன் முறை வரும்போது தட்டிக்கழிக்காதே.

மெஸ் பணம் திங்கட்கிழமை போட்டுவிடுவேன். அம்மா கருப்பட்டியும் சுக்கும் பொட்டலம் கட்டியிருக்கிறாள், நம் சேகரத்திலிருந்து மதுரைக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். உனக்கு இருமல் இன்னும் விடவில்லை என்று போனில் குரலிலேயே தெரிந்துவிட்டதாம். சபையின் அசன விருந்துக்கு வந்துவிடு. பந்தி பரிமாற ஆள் குறைவாக இருக்கிறது.

கர்த்தருக்குள்,
அப்பா