ஏலக்காய் பீரை அவசரப்படுத்தாதே

சிகாகோ,
நவம்பர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. டிசம்பரில் போர்ட்லாண்டிலிருந்து குடும்பத்தோடு வருகிறாய் என்று வீட்டில் படித்துக் காட்டியதும், மாடி அறையை ஒழிக்கும் வேலை அன்று மாலையே தொடங்கிவிட்டது. மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஊரில் அம்மா நலம். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறுபடியும் செய்தித்தாள் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் காய்ச்சிய பீரை விமானத்தில் கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தாய், இனி அதற்கு வருகிறேன். நீ காய்ச்சிய பீரைத் தாராளமாகக் கொண்டு வா. கைப்பையில் 100 மில்லி வரம்பு இருப்பதால் அங்கே வைக்க முடியாது. செக்-இன் பெட்டியில் வைக்கலாம். ஆல்கஹால் 24 சதவீதத்தைத் தாண்டாத பானத்துக்கு அமெரிக்க விமானப் பாதுகாப்பு விதிகளில் அளவு வரம்பு கிடையாது. அதற்கு மேல் 70 சதவீதம் வரை உள்ள விஸ்கி, ரம் போன்றவற்றுக்குத்தான் ஐந்து லிட்டர், பிரிக்காத கடை பாட்டில் என்ற நிபந்தனைகள். விமான நிறுவனம் தனியாக ஏதாவது விதி வைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். வீட்டுப் பீரை விற்கக் கூடாது. சொந்த உபயோகத்துக்கும் சுவைத்துப் பார்க்கும் கூட்டங்களுக்கும் வெளியே எடுத்துச் செல்லலாம் என்று மத்திய விதியே சொல்கிறது. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-இல் முடிந்தபோது வீட்டில் வைன் செய்ய வழி பிறந்தது, பீர் விடுபட்டுப்போயிற்று. 1978-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதைச் சரிசெய்தது. மிசிசிப்பி, அலபாமா மாநிலங்கள் 2013 வரை இழுத்தடித்தன. இவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த உரிமை. கூச்சப்படாமல் பெட்டியில் வை.

மேலே போனால் பாட்டில் வெடிக்கும் என்று பயப்படுகிறாய். பெரிய விமானங்களில் சரக்கு அறைக்கும் பயணிகள் அறையைப் போலவே அழுத்தம் ஏற்றுகிறார்கள். உள்ளே நிலவும் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். அதாவது ஊட்டிக்கும் தொட்டபெட்டா உச்சிக்கும் இடைப்பட்ட உயரம். மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் மலையேறும் பாட்டில்கள் வழியில் வெடிப்பதில்லையே. சாதாரண அறை வெப்பத்தில் பாட்டிலுக்குள் வெளிக்காற்றைவிட இரண்டு மடங்கு அழுத்தம் கூடுதலாகவே இருக்கிறது. விமானத்தால் அதில் கூடுவது வெளிக்காற்றின் அழுத்தத்தில் கால் பங்குதான்.

எனக்குக் கவலை தருவது நீ அடுத்து எழுதிய வரி. வாளியில் கிடக்கும் ஏலக்காய் பீரை இந்த வாரமே பாட்டிலில் அடைத்துக் கொண்டுவரப் போகிறாயாமே. தயவுசெய்து வேண்டாம். நொதித்தல் முடியாத பீரை அடைத்தால், மிச்சமிருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் பாட்டிலுக்குள் தின்று வாயுவாக்கும். பீரின் அடர்த்தியை, அதாவது மிச்சச் சர்க்கரையைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.010-க்கு இறங்க வேண்டியது 1.014-இல் நிற்கிறது என்று வை. மிச்சம் நாலு புள்ளி (ஒரு புள்ளி என்பது 0.001); ஒவ்வொரு புள்ளிக்கும் பீரின் கொள்ளளவில் பாதி அளவு கரியமில வாயு கூடும். நீ நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரை, பீரை அதன் கொள்ளளவைப் போல் இரண்டரை மடங்கு வாயுவுக்குக் கொண்டுபோகும். மிச்சச் சர்க்கரை அதன் மேல் இன்னும் இரண்டு மடங்கை ஏற்றும். சாதாரண பீர் பாட்டில் அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது. உன் வீட்டு அலமாரியிலேயே வெடிக்கக்கூடிய பாட்டிலை, யாரோ ஒரு தொழிலாளி கையால் தூக்கி அடுக்கும் பெட்டியில் வைக்க நமக்கு உரிமை இல்லை. மூன்று நாள் தொடர்ந்து அளந்து, அளவு மாறாமல் நின்ற பிறகே அடை. அடைத்தபின் இரண்டு மூன்று வாரம் விடு. ஒன்றைக் குளிரவைத்துத் திறந்து பார். பொங்கி வழிந்தால் அந்தத் தொகுதி பயணத்துக்கு ஆகாது. இம்முறை செப்டம்பரில் அடைத்த போர்ட்டரை, அந்தக் கறுப்பு பீரை, எடுத்து வா. அது நொதித்து முடிந்த சரக்கு.

கட்டும் முறை எளிது. இழுத்துத் திறக்கும் கம்பி மூடி வேண்டாம், அழுத்தி அடித்த தகர மூடி போதும். ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனி ஜிப்லாக் பையில் போடு. அதற்கு மேல் குழந்தை டயப்பர் ஒன்றைச் சுற்று. கசிந்தாலும் உறிஞ்சிவிடும், மோதலையும் தாங்கும். பிறகு தடித்த காலுறை. பெட்டியின் நடுவில் வை. கண்ணாடி கண்ணாடியைத் தொடக் கூடாது, ஓரத்தையும் தொடக் கூடாது. சோதனைக்காகப் பெட்டியைத் திறப்பவர் நீ கட்டியபடியே திரும்பக் கட்டுவார் என்று எதிர்பார்க்காதே. அதனால்தான் ஒவ்வொன்றும் தானாகவே பத்திரமாக இருக்க வேண்டும். ‘வீட்டில் செய்த பீர், 6 சதவீதம்’ என்று ஒரு சீட்டு ஒட்டிவிடு. எடையையும் பார்: நிரம்பிய பாட்டில் அரைக் கிலோவுக்குச் சற்று மேல், பன்னிரண்டு பாட்டிலே ஏழு கிலோவை நெருங்கும். பெட்டி வரம்போ 23 கிலோ.

இங்கே குளிர் கடுமையாக இருக்கும். வழியில் சாப்பிட இறங்கினால் பெட்டியைக் காரில் விட்டுவிடாதே. பூஜ்யத்துக்கு இரண்டு மூன்று டிகிரி கீழே பீர் உறையத் தொடங்கும்; உறைந்தால் கண்ணாடி விரிசல் விடும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு நாள் குளிர்பதனப் பெட்டியில் நிமிர்த்தி வைப்போம், குலுங்கிக் கலங்கிய மண்டி அடியில் படியட்டும். வந்த இரவே திறக்கச் சொல்லி என்னை வற்புறுத்தாதே.

சென்னைக்குத் தம்பிக்கும் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறாய். இந்தியச் சுங்கம் தீர்வையின்றி அனுமதிப்பது இரண்டு லிட்டர், அதாவது நம் பாட்டிலில் ஐந்து. ஆனால் கடை முத்திரை இல்லாத பாட்டிலில் என்ன இருக்கிறது என்று சுங்க அதிகாரி எப்படித் தெரிந்துகொள்வார்? நான் கொண்டுபோக மாட்டேன். தம்பியை இங்கே வரச் சொல்.

ஏலக்காய் பீர் இப்போதைக்கு வாளியிலேயே இருக்கட்டும். மார்ச்சில் நாங்கள் போர்ட்லாண்ட் வரும்போது குடிக்கலாம். பெட்டியில் இடம் மிஞ்சினால் எனக்கு இந்த ஆண்டு அறுவடையான கேஸ்கேட் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) அரைக் கிலோ வாங்கி வா. பணம் கையில் தந்துவிடுகிறேன். விமானம் வந்து சேரும் நேரத்தை எழுது, அழைத்துப்போக வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழன்