ஜப்பானின் சுகுபாவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, மலைப் பக்கமிருந்து வீசுகிற வறண்ட காற்றில் சைக்கிள் மிதிப்பதுதான் கஷ்டம். இந்த ஊர் அரிசி குழைந்து ஒட்டிக்கொள்ளும், ரசத்துக்குச் சேராது. மற்றபடி எல்லாம் பழகிவிட்டது.

அப்படி என்னதான் வேலை என்று கேட்டாயே, போனில் சொன்னால் புரியாது என்றுதான் எழுதுகிறேன். கார்பன் நானோகுழாய் வளர்க்கிறோம், அதாவது கார்பன் அணுக்களாலான, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய குழாய். 1991-ல் ஈஜிமா என்ற விஞ்ஞானி இதே சுகுபாவில், என்.இ.சி. ஆய்வகத்தில் கண்டது குழாய்க்குள் குழாயாகப் பல சுவர் கொண்டது. 1993-ல் அவர் வினைவேக மாற்றியாக இரும்பைச் சேர்த்தபோது ஒற்றைச் சுவர்க் குழாய் கிடைத்தது. அதே சமயத்தில் அமெரிக்காவில் ஐ.பி.எம்.காரர்கள் கோபால்ட் போட்டு அதையே எடுத்தார்கள். வினைவேக மாற்றி வேகத்தைத்தான் கூட்டும் என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்துகிறாய் அல்லவா, இங்கே எந்த மாதிரிக் குழாய் வரும் என்பதையே அதுதான் முடிவு செய்கிறது!

சிலிக்கான் வில்லையில் மெல்லிய அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பூச்சு, அதன்மேல் சுமார் 1 நானோமீட்டர் தடிமனில் இரும்புப் படலம். உலையில் ஹைட்ரஜன் ஓடச் சூடாக்கினால் அந்தப் படலம் உடைந்து குட்டிக் குட்டி மணிகளாகிறது, அப்புறம் 750 டிகிரியில் கார்பன் தரும் எத்திலீன் வாயுவை விட்டால் ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரு குழாய், நாற்றங்கால் மாதிரி நெருக்கமாக நிமிர்ந்து வளர்கிறது. மணி சிறிதானால் குழாயும் மெல்லிசு. மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்தால் குழாயும் தடித்துவிடும், சுவரும் பலவாகிவிடும். அலுமினா இல்லாவிட்டால் இரும்பு சிலிக்கானோடு கலந்து வீணாகிவிடும். அதனால் இரும்பா கோபால்ட்டா என்று மட்டும் வாதாடுவதில் அர்த்தமில்லை, அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உலோகமும் முக்கியம்தான்: செம்புக்குள் கார்பன் கரைவதே அபூர்வம், அதைக் குழாய்க்கு அல்ல, கிராஃபீன் என்ற ஓர் அணு தடிமனுள்ள கார்பன் படலம் வளர்க்கத்தான் அதிகம் எடுக்கிறார்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் கோபால்ட்டோடு மாலிப்டினம் என்ற உலோகத்தையும் சேர்த்தார்கள். அது கோபால்ட்டைத் திரளவிடாமல் பிடித்துவைப்பதால் மெல்லிய குழாய்கள், அதுவும் பெரும்பாலும் ஓரிரு வகைகளே கிடைக்கின்றன.

எனக்கு ரொம்பப் பிடித்தது தண்ணீர்க் கதை. வளர வளர இரும்பின்மேல் கரி படிந்து அது செத்துவிடும். 2004-ல் இதே ஊரில் ஹாட்டா குழுவினர் துளியூண்டு நீராவி கலந்தார்கள், படிந்த கரி போய்விட்டது, 10 நிமிடத்தில் 2.5 மில்லிமீட்டர் உயரம்! கறுப்பு வெல்வெட் போல இருக்கும், இடுக்கியால் தொட்டால் அப்படியே பெயர்ந்து வரும்.

அடுத்த வாரம் அலுமினாவின் தடிமனை மாற்றிப் பார்க்கப்போகிறேன். நுண்ணோக்கிப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், வகுப்பில் காட்டு. அம்மாவை மாத்திரையை விடாமல் போடச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி