அரை மணி நேரத்து ஊரா தரங்கம்பாடி? சுற்றுலாத் திட்டம் தீட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். மயிலாடுதுறையில் குடியிருப்பவன் நான். எங்கள் வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும் ஒருநாள் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போய்விடுவேன். 20 ஆண்டுகளாக இதுதான் வழக்கம். கோட்டை அதேதான், கடல் அதேதான், கூட்டிப் போகிற ஆளும் நான்தான். ஆனால் வீடு திரும்பியதும் ஒவ்வொருவரும் சொல்கிற ஊர் வேறாக இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் தங்கையின் கணவரையும் பெரிய அத்தையையும் ஒரே காரில் கூட்டிப் போனேன். மாப்பிள்ளைக்கு எதையும் பட்டியல் போட்டுப் பார்த்துத்தான் பழக்கம். கோட்டை, தேவாலயம், நகர வாயில் என்று கைப்பேசியில் குறித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று ஒரு படம், பிறகு அடுத்தது. 25 நிமிடத்தில் பட்டியல் தீர்ந்துவிட்டது. கோட்டை வாசலில் படிவத்தோடு நின்றிருந்த ஓர் இளைஞர் அவரைப் பிடித்துக்கொண்டார். எந்த அலுவலகம் அனுப்பியது என்று நான் கேட்கவில்லை. ‘இங்கே என்ன குறை?’ என்ற கேள்விக்கு மாப்பிள்ளை எழுதியது: ‘பார்க்க ஒன்றுமில்லை. அரை மணி நேரம் போதும்.’ என்ன வசதி வேண்டும் என்ற இடத்தில் படகுச் சவாரி, செல்ஃபி மேடை இரண்டுக்கும் டிக் அடித்தார்.

அத்தையிடம் யாரும் படிவம் நீட்டவில்லை. முழங்கால் வலியால் அவர் கோட்டைப் படியே ஏறவில்லை. மாசிலாமணிநாதர் கோயில் பக்கம், அலை தடுக்கப் போட்டிருக்கும் கருங்கற்களில் ஒன்றில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓர் அம்மாள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் போனபோது அத்தை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த அம்மாளோடு சேர்ந்து நெத்திலியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். கோயிலுக்கு முன்னால் இன்னும் ஒரு மண்டபம் இருந்ததாகப் பாட்டி சொல்லக் கேட்டது, சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று காலையில் யார் யார் எந்தத் தெருவில் இருந்தார்கள் என்பது, அதற்குப் பிறகு வீடு தள்ளிப் போனது, இப்போது கரைக்கு நடந்து வர எவ்வளவு நேரமாகிறது என்பது எல்லாம் அத்தைக்குத் தெரிந்திருந்தது. 20 ஆண்டுகளாகப் போய்வரும் எனக்கு அதில் பாதி தெரியாது. வரும் வழியெல்லாம் அத்தை, கடலிடம் சன்னதியை விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கும் அந்தச் சிவனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அது பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துக் கோயில் என்று நான் சொன்னதற்கு, “யார் கட்டினால் என்ன, காப்பாற்ற ஆள் இல்லையே” என்று ஒரே வார்த்தையில் என் சரித்திரத்தை மூடிவிட்டார்.

உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்திருப்பது மாப்பிள்ளையின் தாள் மட்டும்தான். அத்தையின் தாள் வரவே இல்லை. இந்த மடலை எழுதக் காரணம் அதுதான்.

அதற்காக மாப்பிள்ளையை வில்லனாக்கவும் நான் தயாரில்லை. சென்னையிலிருந்து ஆறு மணி நேரம் காரோட்டி வந்தவர். நிழலும் கழிப்பறையும் தேடினார், நியாயம். அன்று கரையில் இரண்டு கிலோ கருவாடு காசு கொடுத்து வாங்கியதும் அவர்தான். அத்தை பேசியதோடு சரி.

இதற்கு நேர் எதிர் என் நண்பர் ஒருவர். அவருக்கு யாருமே இல்லாத ஊர் வேண்டும். ‘யாரும் அறியாத தரங்கம்பாடி’ என்று பரவசப்படுவார். ஆயிரக்கணக்கானவர்கள் வீடு கட்டி வாழும் ஊர், அவர் வராத வரை யாரும் அறியாத ஊராம்! கோட்டையைப் படமெடுக்கும்போது குறுக்கே வலை உலர்ந்தால் முகம் சுளிப்பார். பள்ளிப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினால் கேமராவை மூடிவிடுவார். அவர் ரசிக்கிற அமைதி எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் சொன்னேன். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் பெற்று டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள். 1845இல், வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கொஞ்ச காலம் கலெக்டர் அலுவலகம் இங்கே இருந்தது, 1860இல் அதுவும் தஞ்சாவூருக்குப் போனது. ரயிலும் துறைமுக வேலையும் நாகப்பட்டினத்துக்குப் போயின. 1926இல் மயிலாடுதுறையிலிருந்து ஒரு கிளைப் பாதை வந்தது. 1986இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். ஊரின் பிழைப்பு ஒவ்வொன்றாகக் கழன்றுபோன பிறகு மிஞ்சியதுதான் அந்த அமைதி. நண்பர் கேட்டுவிட்டு, “ஆனாலும் வெளிச்சம் அருமை” என்றார்.

பயணிகளை இப்படி வகை பிரிப்பது புதிதில்லை. சமூகவியலாளர் எரிக் கோஹன் 1972இலேயே, குழுவாகக் கட்டணம் கட்டி வருபவரில் தொடங்கி நாடோடியாகத் திரிபவர் வரை நாலு வகையாக்கினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து சுற்றுலா ஆய்வாளர் ஸ்டான்லி பிளாக் ஒரு கணக்குச் சொன்னார்: ஓர் இடத்துக்கு முதலில் துணிச்சல்காரர்கள் வருகிறார்கள், பின்னாலேயே வசதி தேடுகிறவர்கள் வருகிறார்கள். இவர்களுக்காக இடம் மாறமாற முதல் வகையினர் வேறு இடம் பார்த்துப் போய்விடுகிறார்கள். கடைசியில் இடம் தன் தனித்தன்மையையும் இழந்து ஆட்களையும் இழக்கிறது. செல்ஃபி மேடைக்குக் கையெழுத்திடும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

ஆனால் குணத்தையே முழுக் காரணமாக்குவதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. மாப்பிள்ளையே அந்தச் சந்தேகத்தைக் கிளப்பினார். மறு ஆண்டு அவருடைய பெற்றோருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். மறுநாள் விடியற்காலையில் சூரியோதயப் படம் ஒன்று எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்று என்னையும் எழுப்பிக்கொண்டு தரங்கம்பாடி வந்தார். படம் எடுத்தாயிற்று. திரும்பி வந்தால் கார் டயர் பஞ்சர், ஸ்டெப்னியிலும் காற்றில்லை. பொறையாற்றிலிருந்து ஆள் வர ஒன்பது மணியாகும் என்றார்கள். கைப்பேசியிலும் சார்ஜ் தீர்ந்தது.

அரை மணி நேரம் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். அப்புறம் படகுகள் வரத் தொடங்கின. மணலில் மீனைக் கொட்டியதும் பெண்கள் சுற்றி நின்று ஏலம் கேட்டார்கள். மாப்பிள்ளை முதலில் தள்ளி நின்றார், பிறகு கிட்டப் போனார், கடைசியில் ஒரு கூடையைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார். ஏலம் விடுகிறவர் விரலை மடக்கினால் என்ன அர்த்தம், வஞ்சிரத்துக்கும் பாறைக்கும் விலை எங்கே பிரிகிறது என்று சென்னையில் தன் அலுவலகத்தில் ஒரு வருடம் வகுப்பெடுத்தாராம். தங்கை சலித்துக்கொண்டு சொன்னாள்.

ஆள் மாறவில்லை, அதே பட்டியல்காரர்தான். இரண்டரை மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவுதான்.

எனவே ஐயா, ‘பார்க்க ஒன்றுமில்லை’ என்பதைப் படிக்கும்போது ‘உட்கார இடமில்லை’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். வெயிலுக்கு நாலு மரம், சுத்தமான கழிப்பறை, குடிதண்ணீர், மயிலாடுதுறைக்கும் காரைக்காலுக்கும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்ற பலகை. பஸ் போய்விடுமோ என்ற பயம் இருக்கிறவன் எந்த ஊரையும் பார்க்க மாட்டான். கோயிலருகில் கடல் எதுவரை தின்றது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு ஒரு பலகை எழுதி வையுங்கள். 1706இல் வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, கோட்டையில் சிறை வைக்கப்பட்டு வெளியே வந்த பிறகு, 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அச்சுப் பித்துப் பிடித்தவர்களுக்கு அந்த ஒரு வரி போதும், நாள் முழுக்க இருப்பார்கள். மீன் இறக்கும் கரையை மட்டும் அழகுபடுத்திவிடாதீர்கள். படகுச் சவாரிக்குப் படகு நிறுத்தினால் வலைக்காரர் எங்கே இறங்குவார்?

இன்னொன்று. இந்தக் கடற்கரையில் ஓசோன் காற்று மிகுதி என்று சுற்றுலாக் குறிப்புகளில் எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள். மூக்குக்கு எட்டும் கடல்மணம் ஓசோன் இல்லை. தரைமட்டத்தில் ஓசோன் மிகுந்தால் அது நுரையீரலுக்குக் கேடு. ஆரோக்கியம் தேடி வருகிறவர்களை இப்படியா அழைப்பது!

படிவத்திலும் ஒரு திருத்தம் செய்யலாம். எத்தனை நட்சத்திரம் என்பதற்குப் பதிலாக, எவ்வளவு நேரம் இருந்தீர்கள், யாரிடமாவது பேசினீர்களா என்று கேட்கலாம். படிவக்காரரை விடியற்காலையிலும் அனுப்புங்கள். பஞ்சர் ஒட்டிய அன்று மாப்பிள்ளை வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பழைய பதிலைத் திருத்த வேண்டும் என்றார். ஆள் இல்லை.

இப்படிக்கு,
மயிலாடுதுறைவாசி ஒருவன்