பெற்றோர் பெயரை எழுதி விற்கச் சொல்லுங்கள்: ஊர்வன கண்காட்சி அமைப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைப்பாளர்களுக்கும், அங்கே மேசை போடும் கார்ன் ஸ்நேக் (வீட்டில் வளர்க்கும் விஷமற்ற பாம்பு) வளர்ப்பாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் கண்காட்சியில் வாங்கிய சன்கிஸ்டு நிறவகைக் கார்ன் ஸ்நேக் ஜோடியின் முட்டைகள் பொரிந்துவிட்டன. நிறத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சில குட்டிகளுக்கு நேராக ஊர வரவில்லை. தலை பின்னால் வளைந்து வானத்தைப் பார்க்கிறது. தொட்டால் உடம்பு திருகி மல்லாந்துவிடுகிறது. எலிக்குஞ்சைக் காட்டினால் பாய்கின்றன, வாய் வேறு பக்கம் போகிறது. பசியோடு மறுபடி பாய்கின்றன, மறுபடி தவறுகிறது. இவற்றை வளர்ப்பதா, மருத்துவரிடம் கொடுத்து முடித்துவிடுவதா என்பதை இப்போது நான் தீர்மானிக்க வேண்டும். விற்றவருக்கு அந்தக் கவலை இல்லை.

இதுதான் ஸ்டார்கேஸர் என்னும் பரம்பரை நரம்புக் கோளாறு; உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. சன்கிஸ்டு வம்சங்களில் இதற்கான ஒடுங்கு மரபணு (இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படுவது) இருப்பது ஊரறிந்த விஷயம். தாயும் தகப்பனும் நன்றாக இருந்துகொண்டே அதைச் சுமக்கலாம். இரண்டும் சுமந்தால் சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்றுக்கு நோய் வரும்.

விற்றவரைக் கேட்டேன். "எங்கள் பாம்புகளில் இதுவரை பார்த்ததே இல்லை" என்றார். சுமக்காத துணையோடு சேர்த்தால் காலமெல்லாம் பார்க்க முடியாதுதான். ஸ்டார்கேஸர் மரபணு இருப்பது உறுதியான பாம்போடு இணைத்து, 16 குட்டிகளும் நலமாகப் பொரிந்தால், உங்கள் பாம்பு அதைச் சுமக்கவில்லை என்று ஏறக்குறைய நம்பலாம்; சுமந்திருந்தால் அப்படி 16-உம் நலமாகப் பொரிய 1 சதவீத வாய்ப்புதான். அதற்குப் பெயர் சோதனை. ஆகவே கேட்கிறேன்: பாம்பை வைத்து விற்கும் ஒவ்வொரு டப்பாவிலும் பெற்றோரின் விவரமும், சோதித்ததா இல்லையா என்பதும் எழுதியிருக்க வேண்டும்.

நிறத்துக்கு மட்டும் எவ்வளவு அக்கறை! அமெல் (கறுப்பு நிறமி இல்லாத) நிறத்துக்குக் காரணம் ஓசிஏ2 மரபணுவில் நேர்ந்த மாற்றம் என்று 2015-இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். உரித்த சட்டையை உறையில் போட்டு அனுப்பினால் ஹெட்டா (நிறத்தைக் காட்டாமல் அதன் மரபணுவைச் சுமப்பதா) இல்லையா என்று சொல்ல ஆய்வகம் இருக்கிறது. ஆனாலும் மேசைகளில் 'ஹெட் அனெரி' என்ற ஒற்றைச் சொல்தான் (அனெரி என்றால் சிவப்பு நிறமி இல்லாதது). பெற்றோரில் ஒன்று அனெரியாக இருந்து உறுதியான ஹெட்டா? இரண்டு ஹெட்டுக்குப் பிறந்த சாதாரண நிறக் குட்டி, அதாவது 66 சதவீத வாய்ப்பா? ஒரு பக்கம் மட்டும் ஹெட் என்றால் 50தானே? அந்த எண்ணைக் காணோம், விலை மட்டும் உறுதியான ஹெட்டின் விலை. அமெலுக்கும் அனெரிக்கும் ஹெட்டான ஜோடியை வாங்கினால் 16-இல் ஒன்று, இரண்டும் சேர்ந்த வெளிறிய ஸ்னோவாகப் பிறக்கலாம் என்று நம்பி இரண்டு மூன்று வருடம் தீனி போட்டு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பாம்பின் கால் பாம்பறியும். பாம்பின் அப்பனை விற்பவர் மட்டுமே அறிவார் போலிருக்கிறது.

பட்டர், கேரமல், லாவண்டர் என்று இனிப்புக்கடைப் பலகைபோல நிறங்களின் பெயர் எழுத சீட்டில் இடமிருக்கிறது. "ஸ்டார்கேஸர்: சோதிக்கவில்லை" என்று எழுத மட்டும் இடம் போதவில்லையா?

கோபத்தில் எழுதுவது தெரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சோதிக்காததை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சோதிக்கவில்லை என்று எழுதி விற்கட்டும், வாங்குபவர் முடிவு செய்துகொள்வார். அடுத்த கண்காட்சிக்கு மேசை ஒதுக்கும்போது இதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: பெற்றோர் எவை, ஹெட் உறுதியா அல்லது எத்தனை சதவீதம், ஸ்டார்கேஸர் சோதனை நடந்ததா. இந்த மூன்றும் இல்லாத டப்பா மேசைக்கு வரக்கூடாது.

இப்படிக்கு,
உங்களிடம் நுழைவுச் சீட்டு வாங்கி வந்த ஒருவன்