சுதைச் சிற்பமும் சர்ரியலிசமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். முகப்பின் உச்சியில் கஜலட்சுமி வீற்றிருக்க, அவளுக்கு இருபுறமும் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் காவல் நிற்கும் சுதைச் சிற்பங்களைச் சுட்டிக்காட்டி, ஐரோப்பாவுக்கு முன்பே நம்மவர்கள் சர்ரியலிசத்தை, அதாவது கனவையும் ஆழ்மனத்தையும் ஊற்றாகக் கொண்ட கலைநெறியைக் கண்டுவிட்டார்கள் என்றும், கட்டியவர்களின் நனவிலி மனமே (தாமே அறியாத ஆழ்மனமே) அங்கு வெளிப்படுகிறது என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். ஊர்ப் பெருமை எனக்கும் உண்டு; ஆயினும் இக்கருத்தை ஏற்க இயலவில்லை.

அந்தச் சிப்பாய்கள் கனவிலிருந்து இறங்கி வந்தவர்கள் அல்லர். பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார் அன்றாடம் கண்ட அதிகாரத்தின் உருவம் அது. கோயிலில் துவாரபாலகர் நிற்கும் முறையிலேயே, இடமும் வலமும் பிசகாமல் அவர்கள் நிற்பதைப் பார்த்தால், செல்வத்துக்கு உரியவளை நடுவில் வைத்துக் காவலுக்கு உரியவர்களைப் பக்கத்தில் நிறுத்திய விழிப்பான திட்டமாகவே எனக்குப் படுகிறது. இன்று நம் கண்ணுக்கு அது விசித்திரமாகத் தோன்றுவது, செய்தவர்களின் ஆழ்மனத்தைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை.

சர்ரியலிசம் புறப்பட்ட இடம் வேறு. பின்னாளில் அவ்வியக்கத்தை நிறுவிய பிரெஞ்சுக் கவிஞரும் அப்போது மருத்துவ மாணவராக இருந்தவருமான ஆந்த்ரே பிரெத்தோன், முதல் உலகப் போரின் நடுவே 1916-இல், போர்முனையில் மனம் நிலைகுலைந்த வீரர்களுக்கான மையத்தில் பணியாற்றினார். உளப்பகுப்பாய்வின் தந்தையான பிராய்டின் முறைகளை அவர்களிடம் கையாண்டு பார்த்தார். அவ்வாறு நோயாளிகளிடம் கேட்ட தடையற்ற பேச்சைத் தம்மிடமிருந்தே பெற விரும்பித்தான், 1919-இல் கவிஞர் பிலிப் சூப்போவுடன் சேர்ந்து, எழுதியதைத் திருத்தாமலும் திரும்பிப் பாராமலும் வேகமாக எழுதிச் செல்லும் சோதனையில் இறங்கினார். அறிவின் கண்காணிப்பும் அழகு, ஒழுக்கம் பற்றிய கவலையும் இன்றி எண்ணத்தின் ஓட்டத்தைப் பதிவு செய்வதையே அவருடைய 1924-ஆம் ஆண்டு அறிக்கை சர்ரியலிசம் என்று வரையறுத்தது. எனவே, பொருந்தாத இரண்டு உருவங்கள் அருகருகே இருப்பதை மட்டும் வைத்து ஒரு படைப்பை அந்த வகையில் சேர்த்துவிட முடியாது; அவை எவ்வழியாக அங்கு வந்து சேர்ந்தன என்பதைக் கேட்டாக வேண்டும்.

அந்த வழியும் எளிதானதல்ல என்பதை அவ்வியக்கத்தின் ஓவியங்களே காட்டுகின்றன. 1938-இல் லண்டனில் சர்ரியலிச ஓவியர் சல்வதோர் தாலியைச் சந்தித்த பிராய்டு, அதுவரை சர்ரியலிஸ்டுகளை முழு மூடர்களாகவே எண்ணியிருந்ததாகவும், இந்த ஸ்பானிய இளைஞரின் மறுக்கவியலாத தொழில்திறன் தம் மதிப்பீட்டை மாற்றிக்கொள்ளத் தூண்டியதாகவும் எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக்குக்குக் கடிதம் எழுதினார். நனவிலியைப் பற்றி எழுதிய மேதையையே அசைத்தது விழித்திருந்த கையின் பயிற்சி என்பது சிந்திக்கத் தக்கது. உருகி வழியும் கடிகாரங்களைத் தாலி 1931-இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியம் ஏறத்தாழ 24 செ.மீ. உயரமும் 33 செ.மீ. அகலமுமே கொண்டது, அவ்வளவு சிறிய பரப்பில் அத்தனை துல்லியம் அரைத் தூக்கத்தில் கைகூடாது.

நம் ஊரில் சர்ரியலிசத்துக்கு உறவு தேட வேண்டுமானால் அவ்வியக்கத்து ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்டிடம் போகலாம். 1925 ஆகஸ்டில் பிரான்ஸின் கடலோர ஊர் ஒன்றின் விடுதியில், தேய்ந்த மரத்தரையின் வரிகள் அவர் கண்ணை இழுத்தன. காகிதத்தை அதன்மேல் விரித்துக் கரிக்கோலால் தேய்த்தார். மரத்தின் ரேகைகள் மேலெழுந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது காடுகளும் பறவைகளும் அவருக்குத் தென்பட்டன. எதை வரைவது என்று அவர் முன்கூட்டித் தீர்மானிக்கவில்லை.

நம் பள்ளி ஓவிய ஆசிரியர்கள் இதை மாணவர்களுக்குச் செய்து காட்டலாம். நம் வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வழவழப்பானது, அதில் ஒன்றும் பதியாது. நிலைக்கதவின் முன்புறச் செதுக்கலைத் தேய்த்தால் தச்சர் நினைத்த யாளியும் கொடியுமே கிடைக்கும். மழையும் வெயிலும் பட்டு வரியோடிய பழைய பர்மா தேக்குப் பலகையில் தேய்க்கச் சொல்லி, தெரியும் உருவத்தை வரைந்து முடிக்குமாறு விட்டால், பிள்ளைக்குப் பிள்ளை வேறுபட்ட படங்கள் வரும். அப்படி வருபவற்றுக்குத் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகர்,
காரைக்குடி.