மழைக்கு முன் கூரை மாற வேண்டும்: கலைக்கூடக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்பார்ந்த டர்பன் தமிழ்ப் பெருமக்களுக்கு வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். நம் கலைக்கூடத்தின் பழைய கூரையைப் பிரிக்க எல்லாம் தயார். 60 ஆண்டு கடந்த கட்டடம் என்பதால் மரபுரிமை அமைப்பான அமாஃபாவின் அனுமதி தேவைப்பட்டது, அது வந்துவிட்டது. பணம்தான் போதவில்லை. மொத்தச் செலவு 18 லட்சத்து 40 ஆயிரம் ராண்ட். கையில் இருப்பது 11 லட்சத்து 65 ஆயிரம். மீதி 6 லட்சத்து 75 ஆயிரம் செப்டம்பர் 15-க்குள் சேர வேண்டும். சேராவிட்டால் வேலை அடுத்த குளிர்காலத்துக்குப் போய்விடும். இன்னொரு கோடை மழையை இந்தக் கூரை தாங்காது.

இது யார் கட்டிய கட்டடம் என்று பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இளையவர்களுக்காகச் சொல்கிறோம். 1860-ல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் தொடங்கிய வருகை நம்முடையது. மாதம் 10 ஷில்லிங் கூலிக்குக் கரும்புத் தோட்டத்தில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகள் எழுப்பிய பள்ளிக்கூடம் இது. அரசு உதவி வேண்டுமென்றால் சமூகமும் தன் பங்குக்குப் பணம் திரட்டியாக வேண்டிய காலம் அது. காய்கறிக் கூடை சுமந்தவர்களும், ஓட்டலில் பரிமாறியவர்களும், நகராட்சிக்குத் தெரு கூட்டியவர்களும் அந்தப் பங்கைப் போட்டார்கள். பகலில் பள்ளிக்கூடம், மாலையில் தமிழ் வகுப்பு. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் குடும்பங்களை, இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு விரட்டியபின் வகுப்பறைகள் வெறிச்சோடின. இன்று அதே அறைகளில் நம் பேரப்பிள்ளைகளின் ஓவியங்களும், ஜூலு கலைஞர்கள் தொலைபேசிக் கம்பியில் பின்னிய கூடைகளும் இருக்கின்றன.

வெள்ளம் நமக்குப் புதிதல்ல. உம்பிலோ ஆற்றங்கரையில் 1875-ல் எழுந்த கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோனது. மிஞ்சிய கதவுகளைக் காப்பாற்றி வைத்தார்கள்; கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயத்தில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். 2022 ஏப்ரலில் ஒரே நாளில் சில இடங்களில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 400-க்கும் அதிகமான உயிர்கள் போயின. நம் கட்டடம் நின்றது, ஆனால் துருப்பிடித்த ஆணித் துளைகள் வழியாகத் தண்ணீர் இறங்கித் தாள் ஓவியங்களில் பழுப்புக் கறை படிந்தது. வடக்குச் சுவரைத் தொட்டால் இன்றும் உப்புப் பொடி விரலில் ஒட்டும். நடுவில் ஒருமுறை பூசிய சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிட்டது. பழைய செங்கல்லுக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் சரி.

கூரைக்கு 8 லட்சத்து 20 ஆயிரம். அகலமான மழைநீர்க் கால்வாய், தொட்டிகளுக்கு 2 லட்சத்து 60 ஆயிரம். சுண்ணாம்புப் பூச்சுக்கு 3 லட்சத்து 10 ஆயிரம். சோலார், பேட்டரி, காற்றோட்டத்துக்கு 4 லட்சத்து 50 ஆயிரம். முழுக் கட்டடத்துக்கும் ஏசி வேண்டாமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம். பெரிய அருங்காட்சியகங்களின் இயக்குநர்கள் அடங்கிய பிஸோ குழுவே பெரும்பாலான கலைப்பொருட்களுக்கு 16 முதல் 25 டிகிரியும், 40 முதல் 60 சதவீத ஈரப்பதமும் போதும் என்று விதியைத் தளர்த்திவிட்டது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் தாள் ஓவியங்கள் உள்ள அறைக்கு மட்டும் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைக்கிறோம். மாதாமாதம் மின்கட்டணத்துக்கு உங்களிடமே மறுபடி வந்து நிற்க எங்களுக்கு விருப்பமில்லை.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ஆடிக்கூழ் ஊற்றிய கையோடு உண்டியலை ஏந்தி வந்த சாட்ஸ்வர்த் அம்மாமார்கள், சனிக்கிழமைதோறும் பீன்ஸ் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பியது) விற்று அந்தக் காசை அப்படியே கொடுத்த ஃபீனிக்ஸ் இளைஞர்கள், பென்ஷன் பணத்தில் 200 ராண்டை உறையில் போட்டு, பேர் எழுத வேண்டாம் என்று சொன்ன தாத்தா, கூலி வாங்காமல் சாரம் கட்டித் தருவதாகச் சொன்ன தச்சர்கள். அந்த மாரியம்மன் உங்கள் குடும்பங்களைக் காக்கட்டும்.

மற்றவர்களிடம் ஒன்று கேட்கிறோம், மனம் நோக வேண்டாம். கும்பாபிஷேகம் என்றால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறோம், கொடுக்கத்தான் வேண்டும். பிள்ளைகள் எழுத்துப் படித்த இடத்துக்கு மட்டும் ஏன் கை தயங்குகிறது? அரைவயிற்றோடு நம் முன்னோர்கள் கொடுத்தார்கள். நம்மில் பலருக்கு இரண்டு கார் நிற்கிறது.

நன்கொடைக்கு வரிக்கழிவுக்கான 18ஏ ரசீது தருகிறோம். வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். பிள்ளையார் சதுர்த்தி பூஜைக்குக் கோயிலுக்கு வரும்போது எங்கள் மேசையில் பணமாகவும் செலுத்தலாம். தவணையில் தருபவர்கள் தொகையை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதை வைத்துத்தான் கூரைத் தகட்டுக்கு ஆர்டர் போடுவோம்.

இப்படிக்கு,
கலைக்கூடத் திருப்பணிக் குழு, டர்பன்