பட்டனுக்குப் பெயர் எழுதுங்கள்

அன்பு மகள் மலர்விழிக்கு,

இங்கு அனைவரும் நலம். சிறு வியாபாரிகள் பில் போடவும் கடன் கணக்கு வைக்கவும் உங்கள் அலுவலகத்தில் ஒரு செயலி தயாராகிறது என்று நீ சொன்னதிலிருந்து, அதை, திரையிலுள்ளதைப் படித்துக்காட்டும் டாக்பேக் என்ற திரை வாசிப்பானின் துணையோடு பயன்படுத்தப்போகும் என்னைப் போன்ற பார்வையற்ற கடைக்காரர்களுக்காகச் சிலவற்றை எழுத நினைத்திருந்தேன். (நான் சொல்லச் சொல்ல ஃபோன்தான் எழுதுகிறது; சந்திப்பிழைகள் அதனுடையவை.)

இப்போது என்னிடமுள்ள கணக்குச் செயலியில் சரக்கின் பெயரையும் விலையையும் டாக்பேக் தெளிவாகவே படிக்கிறது. விரலை வலப்பக்கம் தள்ளினால் "அன்லேபிள்டு, பட்டன்", அதாவது பெயரில்லாத பட்டன், என்கிறது. மறுபடி தள்ளினாலும் அதே பதில்தான். ஒன்று பில்லைச் சேமிப்பது, மற்றொன்று அழிப்பது. பார்வையுள்ளவருக்குக் குப்பைத்தொட்டிப் படம் போதும். திரை வாசிப்பானோ நிரலில் நீங்கள் எழுதிவைத்த பெயரைத்தான் படிக்கும். ஆண்ட்ராய்டில் அது 'கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன்' என்ற ஒரு வரி என்பது உனக்குத் தெரியாததல்ல. அந்த வரியிலும் "பட்டன் 7" என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. வெறுமனே "அழி" என்றாலும் போதாது; எந்த வாடிக்கையாளரின் எந்தத் தொகை என்பதும் சேர்ந்து ஒலிக்க வேண்டும்.

கல்லாவருகே உள்ள ஸ்பீக்கர் பெட்டி பணம் வந்ததை உரக்கச் சொல்வதால்தான் யுபிஐ வியாபாரம் எனக்குச் சிரமமின்றி நடக்கிறது. பாக்கி வசூலானதையும் செயலி அப்படியே தானாகச் சொல்ல வேண்டும். பச்சை டிக் தோன்றி மறைவதால் எனக்கு ஒரு பயனும் இல்லை. ஓடிபிக்கு 30 விநாடி கொடுத்தால், குறுஞ்செய்தியைக் கேட்டு, திரும்பி வந்து, எண்களைத் தேடித் தட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

கேஒய்சிக்கு, அதாவது வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதற்கு, கண்ணைச் சிமிட்டச் சொல்லும் திரையை வைக்கும்போது மாற்று வழியும் வையுங்கள். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று கூறி, இத்தகைய சோதனைகளை மாற்றியமைக்கச் சொல்லியிருக்கிறது. மேலாளர் தயங்கினால் இதைச் சொல்.

சோதனைப் பதிப்பை எனக்கு அனுப்புவதற்கு முன், டாக்பேக்கைப் போட்டுத் திரையையும் மறைத்துக்கொண்டு, ஒரு பில் போட்டு, அதில் ஒரு சரக்கை நீக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார். தீபாவளிச் சரக்கு இறங்குவதற்குள் தயாரானால் நல்லது. கடன் கணக்கு பெருகும் நேரம் அதுதான்.

அன்புடன்,
அப்பா